மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்விப் பட்டறையில் கழித்த இரண்டு ஆண்டுகள்

கணபதிப் பட்டறை (இழையைத் தொடங்கியவர்)

சென்ற மாதம் நான் படித்த மேல்நிலைப் பள்ளியின் பட்டறைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். கடைசித் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு வேறு ஒருவரும் வராததால், பிரிவே சில ஆண்டுகளுக்கு முன் நின்றுபோயிருந்தது. நான்கு லேத்துகளும் ஒரு ஷேப்பிங் இயந்திரமும் கிலோக் கணக்கில் விலை பேசப்பட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். லேத்தை வைக்க என் பட்டறையில் இடமில்லை. ராவிய முகம் சமமா என்று பார்க்க உதவும் வார்ப்பிரும்புத் தட்டான சர்ஃபேஸ் பிளேட்டை மட்டும் வாங்கி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து 1988 முதல் 1990 வரையிலான அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது. இங்கே தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

நான் படித்தது ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவு. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்வியும் அதனுடன் சேர்ந்து வந்தது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களை அனுப்பும் இடம் என்றுதான் வெளியில் பெயர். உள்ளே நுழைந்த எங்களுக்கு முதல் வாரத்திலேயே வேறு கணக்குப் புரிந்தது. காலையில் தமிழ், ஆங்கிலம், கணிதம், தொழிற்கருத்தியல், மதியம் முழுவதும் பட்டறை, சனிக்கிழமை வரைபடம். செய்முறைப் பதிவேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பக்கப் பார்வைகளும் முதல் கோண வீழலில் வரைந்திருக்க வேண்டும். ஒரு கோட்டின் தடிமன் பிசகினால் தாள் திரும்பி வரும்.

முதல் நான்கு மாதங்கள் எந்த இயந்திரத்தையும் தொடவிடவில்லை, அரம் மட்டுமே. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள எம்.எஸ். (மென் எஃகு) பட்டையில் 52 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டி, அதை எல்லாப் பக்கமும் சமமாகவும் செங்கோணமாகவும் ராவி 50க்குக் கொண்டுவர வேண்டும். மயில்துத்தக் கரைசலைப் பூசினால் இரும்பின் மேல் செம்பு படியும். அதில் கோடு கிழித்தால் கோடு பளிச்சென்று தெரியும். அந்தக் கோடுவரை ராவ வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது.

எங்கள் ஆசிரியர் வேலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ சொன்னதில்லை. மூலைமட்டத்தையும் துண்டையும் நம் கையில் கொடுத்து, சன்னலைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிடுவார். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று நாமேதான் சொல்ல வேண்டும். தெரிந்தும் தெரியவில்லை என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார். அந்தத் துண்டை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் இன்னொரு துண்டின் வெட்டுக்குள் அதைப் பொருத்தச் சொல்வார். அப்போது அது பொருந்தாது.

சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, ராவிய முகத்தை அதில் கவிழ்த்துத் தேய்ப்போம். நீலம் பட்ட இடம் மேடு, படாத இடம் பள்ளம். பள்ளத்தை நிரப்ப வழியில்லை. மேட்டைத்தான் குறைக்க முடியும். ஆகவே அவசரப்பட்டு ஓரிடத்தில் ஆழமாக ராவியவன் துண்டு முழுவதையும் அந்தப் பள்ளத்தின் அளவுக்கு இறக்க வேண்டிவரும். 50 என்பது 49.3 ஆகிவிடும், புதுத் துண்டு கேட்டுக் கிடங்கு அறைக்கு நடக்க வேண்டும். நான் ஏழு துண்டுகள் கெடுத்தேன். எட்டாவது துண்டு இன்றும் என் மேசையில் இருக்கிறது.

கணிதத்தை நான் உண்மையில் கற்ற இடமும் அந்தப் பட்டறைதான். எங்களிடம் இருந்த பழைய லேத்து ஒன்றில் வெட்டும் உளியை நகர்த்தும் திருகான லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு 4 மரை கொண்டது. வெட்ட வேண்டிய மரையோ 1.5 மில்லிமீட்டர் புரி இடைவெளி உடையது. லீட் ஸ்குரூவின் ஒரு புரி 6.35 மில்லிமீட்டர். 1.5ஐ 6.35ஆல் வகுத்து, தசமத்தை நீக்கினால் பல்சக்கரங்களின் விகிதம் 30/127 என்று வரும். 127 ஒரு பகா எண். அதை எந்தச் சிறு எண்களாகவும் பிரிக்க முடியாது. அதனால்தான் அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பற்கள் கொண்ட ஒரு பெரிய சக்கரம் தேவைப்படுகிறது. பகா எண் என்பதை ஏழாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்த எனக்கு, அது எண்ணெய் வழியும் வார்ப்பிரும்புச் சக்கரமாகக் கையில் கனத்தது அன்றுதான். அந்த மகிழ்ச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எனக்குக் குறையவில்லை.

---

காயில் கட்டுபவர், உடுமலை

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் உங்களுக்கு நான்காண்டு இளையவன். வேறொரு பள்ளியில் மின் இயந்திரங்கள் பிரிவு. உங்களுக்கு அரம் எப்படியோ, எங்களுக்கு எரிந்துபோன மோட்டார் அப்படி.

எரிந்த மோட்டாரைக் கொடுத்தால் பையன்கள் உடனே பழைய கம்பியை அறுத்தெறியப் பார்ப்பார்கள். எங்கள் ஆசிரியர் அதற்கு முன் இரண்டு நாள் எழுத வைப்பார். எத்தனை காடி (கம்பி இறங்கும் பள்ளம்), எத்தனை துருவம், காயில் எந்தக் காடியில் இறங்கி எந்தக் காடியில் ஏறுகிறது, கம்பி எத்தனை கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்று அனைத்தும் நோட்டில் ஏறிய பிறகுதான் உளி. சுற்றுகளை வெட்டிய முனையில் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து எண்ண வேண்டும். ஒருவர் எண்ணியதை மற்றவர் கேட்காமல் தனியாக எண்ணி, இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும்.

36 காடியும் 4 துருவமும் உள்ள மூன்று கட்ட மோட்டாரில் ஒரு காடிக்கும் அடுத்த காடிக்கும் மின்கோணம் 20 பாகை. கட்டங்களுக்கு நடுவே 120 பாகை வேண்டும் என்பதால் முதல் கட்டம் 1ஆம் காடியில் தொடங்கினால் இரண்டாவது 7இலும் மூன்றாவது 13இலும் தொடங்க வேண்டும். இதைக் கரும்பலகையில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதியான ஸ்டேட்டரை மடியில் வைத்துக்கொண்டு, காடிகளின் மேல் சாக்குக்கட்டியால் எண் எழுதி, விரலால் சுற்றி வந்தபோது விளங்கியது.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் என் தாய்மாமன் தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்தது. அந்த நாட்களில் மின்னழுத்தம் மிகக் குறைவு. அழுத்தம் குறைந்தால் அதே சுமைக்கு மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். காயில் சூடேறிக் கருகும். மாமா அதை உடுமலைக்குக் கொண்டுபோகக் கிளம்பியபோது நான் கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மின்காப்புக்கான லெதராய்டு தாளை மடித்துக் காடிக்குள் இறக்கியது முதல் மூங்கில் ஆப்பு அடித்து வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தது வரை ஐந்து நாள் ஆனது. பள்ளியிலிருந்து ஆசிரியரே மின்காப்பை அளக்கும் மெகரை எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்து சோதித்துவிட்டு, பிறகுதான் மின் இணைப்புக் கொடுக்க அனுமதித்தார். தண்ணீர் வாய்க்காலில் விழுந்தபோது மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், எங்கள் மாப்பிள்ளை கட்டிய மோட்டார் என்று சொன்னதாக அத்தை சொன்னார்.

---

எண் 41

இருவர் எழுதியதும் உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் அந்தப் பிரிவிலிருந்து வந்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இந்த இழை முழுமை அடையாது.

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணிதத்தில் 91. எங்கள் ஊருக்கு அருகிலிருந்த பள்ளியில் அறிவியல் குழுவில் இடம் முடிந்துவிட்டது என்று சொல்லித் தொழிற்கல்வியில் சேர்த்தார்கள். என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவர் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பி.எஸ்சி. கணிதம் படிக்க ஒரு கல்லூரிக்குப் போனபோது, இயற்பியலும் வேதியியலும் படிக்காதவன் என்று சொல்லி விண்ணப்பப் படிவத்தைக்கூடத் தரவில்லை. பொறியியல் கல்லூரியில் தொழிற்கல்வி மாணவர்களுக்கு என்று சிறு ஒதுக்கீடு இருப்பதைப் பள்ளியில் எவரும் எங்களிடம் சொல்லவில்லை. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது எனக்குத் தெரியவந்தபோது எனக்குத் திருமணமாகிவிட்டது.

கண்டிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைதாளில் மசி சிந்தியதற்காக எங்கள் வகுப்பில் ஒரு மாணவனை இரும்பு அளவுகோலால் புறங்கையில் அடித்தார்கள். அவன் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. கடினமான பள்ளி என்று நாம் இன்று பெருமையாகச் சொல்வதில் இவனும் அடக்கம். உங்கள் ஆசிரியர் சன்னலைப் பார்த்து நிறுத்தியதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கடினமாக இருப்பதற்கும் கொடுமையாக இருப்பதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு வரியில் எனக்குத் தெரிந்தது.

---

கணபதிப் பட்டறை

நண்பரே, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். நான் தவிர்த்துவிட்ட பகுதி அது. என் வகுப்பில் தொடங்கிய முப்பத்தெட்டுப் பேரில் தேர்வு எழுதியவர்கள் இருபத்தாறு பேர். விட்டுப்போன பன்னிரண்டு பேரின் கதையை நான் விசாரித்ததே இல்லை என்பதை உங்கள் பதிவைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

கதவு குறுகலாக இருந்தது என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கை மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும், 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர வேண்டும் என்று குறிக்கோள் வைத்தது. 1992 திருத்தத்தில் அதே விழுக்காடுகளை வைத்துக்கொண்டு ஆண்டுகளை மட்டும் 1995 என்றும் 2000 என்றும் தள்ளிவைத்தார்கள். மாணவர்களைக் கொண்டுவரும் வழியைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், அவர்கள் வெளியேறும் வழியைப் பற்றி அதே அளவு பேசியிருந்தால் உங்களுக்கு அந்தப் படிவம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்த வழி தொழிற்பழகுநர் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம். அதன்படி மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்களும் ஓராண்டு பழகுநராகச் சேரலாம். உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தரும். நூற்பாலை இயந்திர உதிரிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் வந்ததிலிருந்து ஆலையும், ஆலைக்கு வேண்டிய உதிரியும், கிணற்றுக்கு வேண்டிய பம்பும் என்று வளர்ந்த ஊர் எங்கள் கோவை. கையில் வேலை தெரிந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு இங்கே இடம் இருந்தது. இதே பிரிவை வேலையே இல்லாத ஊரில் படித்திருந்தால் நான் இப்படி ஒரு பதிவை எழுதியிருப்பேனா என்பதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை.

---

பட்டறை ஆசிரியர் மகள்

இந்த இழையில் எழுத எனக்கு உரிமை உண்டா என்று தயங்கினேன். நான் தொழிற்கல்வி படிக்கவில்லை. என் அப்பா அந்தப் பாடத்தை நடத்தியவர்.

அவர் பகுதிநேர ஆசிரியராகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர். பணி நிரந்தரமாகும் வரை எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை எங்கள் வீட்டில் என் வயதை வைத்துச் சொல்வார்கள். நான் பிறந்தபோது சேர்ந்தார், நான் பெரியவளானபோது நிரந்தரமானார். பள்ளி முடிந்ததும் ஒரு லேத் பட்டறையில் இரவு ஷிப்ட் போவார். அங்கே கழித்துப் போடும் துண்டு இரும்பைக் கேட்டு வாங்கி, மிதிவண்டியில் கட்டிக்கொண்டு காலையில் பள்ளிக்குக் கொண்டுபோவார். மாணவர்கள் கெடுத்த துண்டுகளுக்கு ஈடாகப் புதுத் துண்டு கிடங்கு அறையில் எப்படி இருந்தது என்று நீங்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். எல்லாப் பள்ளியிலும் இப்படியா என்று தெரியாது. எங்கள் அப்பாவின் பள்ளியில் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது.

எண் 41 எழுதியதைப் போன்ற அடி அப்பாவின் வகுப்பிலும் இருந்ததா என்று நேற்று அவரிடமே கேட்டேன். இருந்தது என்று சொன்னார். முதல் ஐந்தாறு ஆண்டுகள் அடித்திருக்கிறார். ஒரு மாணவன் பயத்தில் கை நடுங்கி, லேத்தில் துண்டைப் பிடித்துச் சுழலும் சக்கின் அருகில் கையைக் கொண்டுபோனதைப் பார்த்த நாளில் நிறுத்தினாராம். பயந்தவன் கையில் இயந்திரத்தைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

---

பாலக்காட்டுத் தமிழர்

நான் எல்லைக்கு அந்தப் பக்கம் படித்தவன். கேரளத்தில் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி என்று தனியாகவே உண்டு. எட்டாம் வகுப்பில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் படித்து, மற்றவர்கள் எழுதும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிலாகத் தொழில்நுட்பப் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டும். பள்ளியை நடத்துவது தொழில்நுட்பக் கல்வித் துறை. பாலிடெக்னிக்கில் எங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. எண் 41 சொன்ன மூடிய கதவு எங்களுக்குத் திறந்திருந்தது. அறிவியலும் கணிதமும் குறையாமல், அவற்றின் மேல் பட்டறையும் வரைபடமும் இருந்ததால், பதின்மூன்று வயதில் வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். முதல் நாள் பயந்துபோய் நின்ற எனக்கு ஆசிரியர் ஒவ்வொரு கருவியாக எடுத்துப் பெயர் சொன்னார். அரத்துக்கு மலையாளத்திலும் அரம்தான், உளிக்கு உளிதான். அந்த இரண்டு சொற்களின் துணையோடு அன்று உட்கார்ந்தேன். ஆண்டு இறுதியில் அங்கிருந்த எல்லாப் பையன்களோடும் பேசிக்கொண்டிருந்தேன்.

---

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போது அடிப்படை இயந்திரவியல் படிக்கிறேன். நீங்கள் சொல்லும் ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவு 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது இந்தப் பெயருக்கு மாறியது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். எங்கள் பள்ளியில் ஒரு லேத் ஓடுகிறது. முப்பது பேர் இருக்கிறோம். என் முறை வாரத்துக்கு ஒருமுறை வரும்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் லேத்தின் லீட் ஸ்குரூ 6 மில்லிமீட்டர். அதில் அங்குலத்துக்கு 8 மரை வெட்ட வேண்டுமானால் 127 பல் சக்கரம் எங்கே போகும்? உங்கள் பதிவில் அது கீழே வந்தது. எனக்கு மேலே வருகிறது. தவறு செய்திருக்கிறேனா?

---

கணபதிப் பட்டறை

தம்பி, தவறு இல்லை. என் லேத்தில் அங்குலம் லீட் ஸ்குரூவில் இருந்தது, உன் கணக்கில் அது வெட்டும் மரையில் இருக்கிறது. அதனால் 127 இடம் மாறுகிறது. அங்குலத்துக்கு 8 மரை என்றால் ஒரு புரி 3.175 மில்லிமீட்டர், அதை 6ஆல் வகுத்தால் 127/240. 240 பல்லுக்குச் சக்கரம் கிடையாது. ஆகவே இரண்டு இணைகளாகப் பிரித்துக்கொள்: செலுத்தும் சக்கரங்கள் 127, 40, செலுத்தப்படுபவை 120, 80. பெருக்கிப் பார்த்து ஒத்துவருகிறதா என்று நீயே சொல். பிறகு ஒரு வீண்துண்டின் மேல் மெல்லிய கீறல் மட்டும் போட்டு, ஓர் அங்குலத்துக்குள் எட்டுப் புரி விழுகிறதா என்று அளவுகோலை வைத்து எண்ணிவிட்டு ஆழமாக வெட்டு.

நீ கோவையில் இருப்பவனாக இருந்தால் வீட்டில் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பட்டறைக்கு வா. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். உன் வகுப்பில் வர விரும்பும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்து வரலாம். அரைக்கைச் சட்டையும் தோல் செருப்பல்லாத மூடிய காலணியும் போட்டுக்கொள். கையில் கயிறோ மோதிரமோ இருக்கக் கூடாது. லேத் இரண்டு சும்மாதான் இருக்கும். ஆனால் முதல் ஞாயிறு அரம்தான். பிளேட்டை நேற்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சன்னல் ஓரமாக வைத்திருக்கிறேன்.

---

எண் 41

ஐயா, என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஞாயிறு அவனையும் அழைத்து வரலாமா? நானும் வருகிறேன்.